ஆடிக் காற்றில் ஐந்து நாள்

முதல் நாள், ஆடி 17: மதுரை – கமுதி

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம், நானும் சித்தப்பாவும். இது கோயில் குளம் பார்க்கிற பயணம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எனக்கு ஒரு வேலை வந்தது, காலண்டருக்கு ஆறுமுகன் படம். பதினைந்து வருஷமாக டிசைன் வேலைதான் பார்க்கிறேன், சாமி படம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை வாடிக்கையாளரே ஏஐ-யில் ஒரு படத்தை உருவாக்கி அனுப்பிவிட்டு, "லேசா டச் பண்ணிக் குடுங்க, அரை மணி நேர வேலைதான்" என்றார். பார்த்தவுடன் அசந்துதான் போனேன், மயில் கழுத்தில் அப்படி ஒரு நீலம். அப்புறம் கைகளை எண்ணினேன். முகம் ஆறும் சரியாக வந்திருந்தது. பன்னிரண்டு கை இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று, அதில் ஒரு கைக்கு ஏழு விரல், வேல் யார் கையிலும் இல்லாமல் தோளுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. வந்தது அரை மணி நேரக் காசுதான்.

அதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு ஃப்ளெக்ஸ் வந்துச்சுல்ல, அது மாதிரி உனக்கு இது வந்திருக்கு பாப்பா" என்றார்.

சித்தப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். மதுரையில் முப்பது வருஷம் சினிமா பேனர், கட்சி பேனர், கடை போர்டு எல்லாம் எழுதியவர். கையகலப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, நாற்பதடி முகத்தை மூக்கு கோணாமல் கொண்டுவந்து நிறுத்துவார். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் மெஷின் வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ராத்திரி கொடுத்தால் காலையில் பேனர் தயார். ஐந்தாறு வருஷத்தில் அவர் பிரஷ் காய்ந்துபோனது. அதன்பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேன். இப்போது 68 வயது.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறுமுகனை வரைந்த கம்ப்யூட்டர்கள் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ராப்பகலாக ஓடுகின்றன, அவற்றுக்குத் தீனி மின்சாரம். உலகத்தில் உள்ள டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் எடுத்துக்கொண்டது சுமார் 415 டெராவாட் மணி, அதாவது உலக மின்சாரத்தில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. 2030க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்றும் சொல்கிறது. வரைகிற வேலை மின்சாரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த மின்சாரம் வருகிற வழியும் மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பாதையில் பார்க்க நம் தென் மாவட்டங்களை விட்டால் வேறு எங்கே போவது? கமுதி, சிவகாசி, கோவில்பட்டி, கயத்தாறு, முப்பந்தல். "வர்றீங்களா?" என்று கேட்டேன். மறுநாளே பையில் இரண்டு வேட்டியைத் திணித்துக்கொண்டு வந்து நின்றார்.

அருப்புக்கோட்டை தாண்டினால் பச்சை என்பது சீமைக் கருவேலம் மட்டும்தான். கமுதியில் டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து செங்கப்படைப் பக்கம் போனோம். தூரத்தில் பளபளவென்று ஒரு பரப்பு தெரிந்தது, தண்ணீர் நிறைந்த கண்மாய் என்று ஒரு நொடி ஏமாந்துவிட்டேன், ராமநாதபுரத்தில் அதுவும் ஆடியில். சோலார் பேனல்கள். 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். 2016 செப்டம்பரில் முடித்தபோது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது இதுதான், கட்ட எடுத்தது எட்டே மாதம். உள்ளே விட மாட்டார்கள், சாலையில் நின்றே பார்த்தோம்.

சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆளே காணோமே?" என்றார். பேனல் மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும், அதைத் தினமும் துடைப்பது ரோபோ, அந்த ரோபோவுக்கும் சார்ஜ் ஏற்றச் சொந்தமாக ஒரு சின்ன பேனல் உண்டு என்று நான் விளக்கினேன். ஆட்டோ அண்ணன் குறுக்கே வந்தார். "கட்டும்போது ஆயிரக்கணக்குல ஆளுங்க, ஊரே திருவிழா மாதிரி இருந்துச்சு. அப்பதான் இந்த ஆட்டோவே வாங்குனேன். முடிஞ்சதும் எல்லாம் போயிட்டாங்க. இப்ப செக்யூரிட்டி, புல்லு வெட்டுறவங்க, கொஞ்சம் எஞ்சினியருங்க, அவ்வளவுதான்."

திரும்பும்போது சாலையோரம் புகை. கரிமூட்டம். நிறுத்தச் சொன்னேன். சீமைக் கருவேலத்தை வெட்டி, தூர்க்கட்டையெல்லாம் சேர்த்துக் கூம்பாக அடுக்கி, மேலே இலைதழை போட்டு மண்ணால் மூடி நெருப்பு வைப்பார்கள். காற்று அதிகம் போனால் சாம்பல், போகாவிட்டால் வேகாத கட்டை, இரண்டுக்கும் நடுவில் நாள் கணக்கில் கனிய வேண்டும். நாலு டன் விறகு போட்டால் ஒரு டன் கரி கிடைத்தால் பெரிது. புகையின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் ஓட்டை போட வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்று சொல்கிறார் அங்கே இருந்த அக்கா. எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு, வாக்கப்பட்டு வந்ததிலிருந்து என்றார். சோலார் பக்கம் கையைக் காட்டி, "அவங்க வெயில விக்கிறாங்க, நாங்க முள்ள விக்கிறோம்" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை, தொழிலைச் சொன்னார், அவ்வளவுதான்.

கமுதி நிலையத்தோடு ஒப்பந்தம் போட்ட 2015இல் ஒரு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அடுத்த சில வருஷங்களிலேயே நாட்டின் சோலார் ஏலங்களில் விலை மூன்று ரூபாய்க்குக் கீழே போய்விட்டது. இவ்வளவு வேகமாக மலிவான பொருள் வேறு எதுவும் என் நினைவில் இல்லை. இது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன், முழு மனதோடு. ஆனால் அந்த அக்காவின் கண்ணுக்கு, புகையைப் படிக்கிற அந்தக் கண்ணுக்கு, இங்கே என்ன வேலை இருக்கிறது என்பது ராத்திரி லாட்ஜில் படுத்த பிறகும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள், ஆடி 18: சிவகாசி

வேண்டுமென்றேதான் இன்றைக்கு இங்கே இருக்கும்படி கிளம்பினேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை போட்டு, சாம்பிள்கள் எல்லாம் கோத்த கனமான ஆல்பத்தை ஏஜெண்டுகள் வாங்கிக்கொண்டு போவார்கள். மளிகைக்கடை, நகைக்கடை, பைனான்ஸ் எல்லாரும் தைக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.

நான் அடிக்கடி வேலை செய்து கொடுக்கிற ஒரு ஆஃப்செட் அச்சகத்துக்குப் போனோம். முதலாளி அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். சித்தப்பாவைப் பார்த்ததும், "பேனர் ஆர்ட்டிஸ்டா? உக்காருங்க, உக்காருங்க" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். ஏதோ என் மனதே குளிர்ந்துவிட்டது.

இந்த ஊரின் கதையை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. மழை இல்லாத ஊர். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், அதற்காக அச்சகம் வந்தது. நெருப்பை விற்கப் படம் தேவைப்பட்டது, படம் வந்த பிறகு அதுவே தனித் தொழிலாகிவிட்டது. நெருப்பும் ஓவியமும் இங்கே ஆரம்பத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை.

அண்ணாச்சி தன் அப்பா காலத்தில் படம் அச்சடித்த லித்தோ கல் ஒன்றை வாசல் ஓரத்தில் வைத்திருக்கிறார், துளசி மாடத்துக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கல், ஓவியத்தை ஆள் உட்கார்ந்து கல்லின் மேல் திரும்ப வரைய வேண்டும். அப்புறம் கேமரா, நெகட்டிவ், நாலு கலர் பிரித்து பிளேட். நெகட்டிவ் டச் பண்ணுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஊசிமுனைப் புள்ளியை அடைப்பவர்கள். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நேராகவே பிளேட் எடுக்கிற மெஷின் வந்தது, நெகட்டிவே இல்லாமல் போனது. "டச் பண்ணுனவங்கள்ல பாதிப் பேர் டிசைன் படிச்சு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தாங்க, மீதிப் பேர் பைண்டிங்குக்குப் போனாங்க. சிலர் எங்க போனாங்கன்னே தெரியல" என்றார். கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

புது ஆல்பத்தைப் புரட்டினோம். இதில் ஏஐ படம் எவை என்று கேட்டேன். குழந்தை, நீர்வீழ்ச்சி, குதிரை, ரோஜா, இதெல்லாம் பெரும்பாலும் அதுதானாம். சாமி படத்தில் மட்டும் பயப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. பெருமாளுக்குச் சக்கரம் வலக்கை, சங்கு இடக்கை. நடராஜர் தூக்கிய திருவடி இடது. பழனியாண்டவர் கையில் இருப்பது தண்டு, வேல் இல்லை. இதெல்லாம் தெரியாத ஆள் நம் ஊரில் பூஜையறைக்குப் படம் வாங்க மாட்டார், இதெல்லாம் தெரிந்த மெஷினை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு அச்சகத்தில் நடராஜர் கால் மாறியதைக் கவனிக்காமல் மெஷினில் ஏற்றிவிட்டு, அடித்த தாள் முழுவதையும் பேப்பர் மில்லுக்குக் கழிவாக அனுப்பினார்களாம். "இப்ப என்ன வேலைன்னா பாப்பா, வரையுறது இல்ல, எண்ணுறது" என்று சொன்ன அண்ணாச்சி, சித்தப்பா பக்கம் திரும்பி, "உங்கள மாதிரி ஆள் ஒருத்தர் உக்காந்து பாத்தா ஒரே பார்வையில சொல்லிருவீங்க" என்றார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆல்பத்தில் ஒரு மகாலட்சுமியின் விரலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஷெட்டின் கூரையில் சோலார் போட்டிருக்கிறார். 2012 மின்வெட்டுக் காலத்தில் சீசன் முழுக்க ஜெனரேட்டரில் ஓட்டி, டீசலுக்கே லாபம் போன கதையை ஒரு மணி நேரம் சொன்னார், நானும் கேட்டேன், அது எங்கள் எல்லாருடைய கதையும்தான். மதுரையில் மின்சாரம் வரும்வரை காத்திருந்து விடியற்காலை மூன்று மணிக்கு ஃபைல் அனுப்பிய நாட்கள் எனக்கு மறக்காது. இப்போது பகலில் மெஷின் ஓட வெயில் போதும் என்கிறார்.

இங்கே ஒரு கணக்கு. ஏஐ-யில் ஆயிரம் படம் உருவாக்கச் சராசரியாக மூன்று யூனிட் அளவுக்கு மின்சாரம் ஆனது என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மாடலுக்கு மாடல் (படம் போடுகிற ஏஐ மென்பொருளைத்தான் மாடல் என்கிறார்கள்) வித்தியாசம் நிறைய. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். அப்படியானால் அண்ணாச்சி கூரையில் ஒரே ஒரு கிலோவாட், ஒரே நாளில், ஆயிரத்துக்கும் மேல் படம். ஒரு படத்துக்கு என்று பார்த்தால் மின்சாரம் ஒன்றுமே இல்லை, கோடிக்கணக்கில் போடுவதாலும் மாடலைப் பழக்குவதாலும்தான் மலையாகிறது. என்னை உறுத்துவது மின்சாரம் மட்டும் இல்லை. இந்த மாடல்கள் இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் வரையக் கற்றன. வரைந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த அந்த ஆறுமுகன் முகத்தில் இருந்த களை, அந்தக் கன்னம், அந்தப் பாதிச் சிரிப்பு, அது எந்த ஊரிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அங்கேதான் போகிறோம்.

மூன்றாம் நாள், ஆடி 19: கோவில்பட்டி

சாத்தூரில் இறங்கிக் காராச்சேவு வாங்கினோம், கோவில்பட்டியில் கடலைமிட்டாய். (2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், சும்மா இல்லை.)

சி. கொண்டையராஜு என்ற பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் படம் உங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் இருந்திருக்கும். 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர். 1940களில் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் குழு கலைந்தது, அவர் இங்கேயே தங்கிவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி. நாடக மேடைக்கு எழுதிய கை காலண்டருக்கு எழுத ஆரம்பித்தது, டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் என்று சீடர்கள் வந்தார்கள், அவர் 1976இல் இறந்த பிறகும் அந்தச் சாயல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாடகத்தைச் சினிமா விழுங்கியதால் வேலை போன ஒருவர், ஆஃப்செட் என்ற இன்னொரு மெஷினின் தோளில் ஏறி லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனார். மெஷின் எப்போதும் ஆளைத் தள்ளிவிடுகிறது என்று நான் முடிவு கட்ட முடியாமல் நிற்பது இந்த ஒரு மனிதரால்தான்.

பஜாரில் பிரேம் போடுகிற ஒரு கடை. உள்ளே சுவரெல்லாம் பழைய பிரிண்டுகள், ஓரம் செல்லரித்தவை. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு மீனாட்சி கல்யாணத்துக்கு முன்னால் நின்று, இடது பக்கம் நகர்ந்தார், வலது பக்கம் நகர்ந்தார். "பாரு, எங்க போனாலும் கண்ணு நம்மளையே பாக்குது. கருமணிய நடுவுல வச்சு, மேல் இமை கொஞ்சமா தொடுற மாதிரி விட்டுருக்காரு. சிரிப்பு உதட்டுல இல்ல பாப்பா, கன்னத்துல இருக்கு." முப்பது வருஷம் அவர் எழுதிய பேனர்களுக்குக் கீழே விளையாடியவள் நான், அவர் இப்படிப் பேசி இதுவரை கேட்டதில்லை. டிசைன் படிப்பில் மூன்று வருஷம் சொல்லிக் கொடுக்காததை அந்தக் கடையில் முக்கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தார், திரை எழுதுகிறவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்காக நிழலை எப்படிக் கூட்டுவார்கள், அதைக் காலண்டருக்குக் குறைத்தால் ஏன் முகம் விளக்கு வைத்த மாதிரி தெரிகிறது என்பது வரைக்கும். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரர் சொன்னார், இப்போது போனில் படத்தை அனுப்பிப் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடிக்கச் சொல்கிறார்களாம், அதில் பாதி ஏஐ படம். ஆனால் வீடு குடிபோகிறவர்கள் மட்டும் இன்னும் "பழைய படம் இருக்கா" என்று கேட்டு வருகிறார்களாம்.

சாயங்காலம் ஒரு தீப்பெட்டி ஆலையின் வாசலில், வேலை விட்டு வந்த அம்மா ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, எல்லாமே கை, வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும். இப்போது குச்சி அடுக்கி மருந்தில் முக்குவதை மெஷின் பார்க்கிறது. ஒரு ரூபாய் தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான், பதினாலு வருஷத்துக்கு அப்புறம், இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் சீன லைட்டர்கள் வந்து விற்பனையைப் பாதித்தன, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. "எங்க வீட்ல இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கும்மா, ஆனா விளக்கேத்த தீப்பெட்டிதான்" என்றார் அந்த அம்மா.

நான்காம் நாள், ஆடி 20: கயத்தாறு, கங்கைகொண்டான், நெல்லை

இன்று சுருக்கமாக. காற்று காதை அடைக்கிறது, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே பழமொழி இல்லை, நடப்பு.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. நினைவிடத்தில் நின்று திரும்பினால் எந்தத் திசையிலும் காத்தாடி. இந்தப் பக்கத்து மக்கள் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான். தமிழ்நாட்டில் இந்தக் கதை ஆரம்பித்தது 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில், 55 கிலோவாட் மெஷின்களோடு. தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது, புது மாடல்களை இங்கே நட்டுத்தான் அளக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்கு, அதனால்தான் மலைக் கணவாய்க்கு நேரே இருக்கிற மண்ணுக்கு இத்தனை மதிப்பு என்று சித்தப்பாவுக்குச் சொன்னேன். "நாற்பதடி பேனர ஆடி மாசம் ஏத்திப் பாத்தவனுக்கு இது தெரியும்" என்றார்.

நான்குவழிச் சாலையில் ஒரு லாரி, அதன் மேல் ஒரே ஒரு இறக்கை, அறுபது எழுபது மீட்டர் இருக்கும். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், ஊர்ப் பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு கூடவே ஓடினார்கள்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை வழியாகப் போகும்போது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. இங்கே டாடா பவரின் சோலார் செல், பேனல் ஆலை, 4.3 ஜிகாவாட், 2025 பிப்ரவரியில் முறைப்படி திறந்தார்கள். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டீக்கடையில் இரண்டு பெண்களோடு பேசினேன், ஒருத்தி கடம்பூர், இன்னொருத்தி தாழையூத்து. கடம்பூர்ப் பெண்ணின் அம்மா பீடி சுற்றுகிறார். இவள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பில் கண்ணாடி அறைக்குள் செல் பார்க்கிறாள், முடி அளவு விரிசல் இருந்தால் கேமரா காட்டிவிடும், அது விரிசலா நிழலா என்று இவள் முடிவு செய்ய வேண்டும். "கேமரா சந்தேகப்படும்க்கா, நாங்கதான் சொல்லணும்" என்றாள். சிவகாசி அண்ணாச்சி சொன்ன "எண்ணுறது" உடனே நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் நாள், ஆடி 21: முப்பந்தல், ஆரல்வாய்மொழி

வள்ளியூர், பணகுடி தாண்டினால் மலைகள் இரண்டு பக்கமும் கிட்டே வந்துவிடும். தென்மேற்குக் காற்று கேரளப் பக்கமிருந்து இந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போகிறார்கள், நாங்களும் கும்பிட்டோம். கோயில் வாசலில் நின்றால் தலைக்கு மேலே காத்தாடி சுற்றுகிற நிழல் தரையில் வந்து வந்து போகிறது.

இங்கே இரண்டு காலத்துக் காத்தாடிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தொண்ணூறுகளில் நட்டவை 225, 250 கிலோவாட், இறக்கை சுற்றுகிற வட்டத்தின் விட்டம் முப்பது மீட்டருக்குள். வேகமாகச் சுற்றும், கீழே நின்றால் இரைச்சல். புதியவை இரண்டு மூன்று மெகாவாட், அந்த வட்டம் நூற்று நாற்பது மீட்டர் வரை போகிறது, பார்க்கச் சோம்பேறி மாதிரி மெதுவாகச் சுற்றும், ஆனால் ஒன்றே பழையது பத்துக்குச் சமம். நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் முதலில் வந்த சின்ன மெஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை வைக்க வழி செய்யும் கொள்கையை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு கொண்டுவந்தது. வர வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருக்கிற காற்றை வீணடிப்பது பாவம்.

டீக்கடையில் பராமரிப்பு வேலை பார்க்கும் பையன்கள் நாலு பேர் இருந்தார்கள், எல்லாம் ஐடிஐ படித்தவர்கள், பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பிள்ளைகள். முன்பு இறக்கையில் விரிசலைப் பார்க்கக் கயிற்றில் தொங்குவார்களாம், இப்போது ட்ரோன் சுற்றி வந்து படம் எடுக்கிறது, மென்பொருள் அதில் சந்தேகமான இடத்தில் கட்டம் போட்டுக் காட்டுகிறது. நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்பதைக் கால் மணி நேரத்துக்கு ஒன்றாக ஒரு நாளை 96 துண்டாகப் பிரித்து முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதைக் கணிப்பதும் கம்ப்யூட்டர்தான். காற்று கூடிப்போய் லைன் தாங்காது என்றால் நன்றாக ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். "காத்து அடிக்கும்போது நிறுத்தச் சொன்னா வயிறு எரியும்க்கா" என்றான் ஒருவன். இதைச் சேமித்து வைக்கப் போதுமான பேட்டரி வந்தால்தான் இந்த ஊருக்கு நியாயம் செய்த மாதிரி.

கட்டம் என்று அவன் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்தார். "எங்க காட்டு." அவன் போனில் ஒரு இறக்கைப் படத்தைக் காட்டினான், நாலு இடத்தில் சிவப்புக் கட்டம். சித்தப்பா இரண்டு விரலால் பெரிதாக்கி, "இது அழுக்கு. இதுவும் அழுக்கு, எண்ணெய் வழிஞ்சது. இது மட்டும் வெட்டு, பாரு நிழல் ஒரு பக்கமா விழுது" என்றார். பையன் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். ஏறிப் பார்த்தபோது அந்த ஒன்றுதான் விரிசலாம்.

பிறகு அவர்களோடு சாலையோரக் காத்தாடி ஒன்றின் அடிக்குப் போனோம். கோபுரத்தின் இடுப்பளவில் எழுதியிருந்த சர்வீஸ் நம்பர் வெயிலில் வெளுத்திருந்தது. பையன் தகட்டில் வெட்டிய எண்ணை ஒட்டவைத்து ஸ்ப்ரே அடித்தான், காற்று பெயிண்டை அப்படியே அள்ளி அவன் சட்டையில் பூசியது. இரண்டாவது தடவையும் அதே கதி.

"தம்பி, இந்தக் காத்துல ஸ்ப்ரே நிக்காது. பிரஷ் இருக்கா?"

பையில் கிரீஸ் தடவுகிற ஒரு இஞ்ச் பிரஷ் ஒன்று இருந்தது. சித்தப்பா அதை மண்ணெண்ணெயில் அலசி, வேட்டி நுனியில் துடைத்து, மயிர்களை விரலால் நீவிக் கூராக்கினார். காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்னைப் பெயிண்ட் டப்பாவைப் பிடிக்கச் சொன்னார், பையனை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று காற்றை மறைக்கச் சொன்னார். கோடு கிழிக்கவில்லை, கட்டம் போடவில்லை. வளைந்த தகட்டின் மேல் முதல் எண்ணை எழுதும்போது கை லேசாக நடுங்கியது, மூன்றாவதில் நடுக்கம் நின்றுவிட்டது. கடைசி எண்ணின் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழித்து நிறுத்தினார், அந்தக் காலத்தில் கடை போர்டில் போடுகிற அதே சுழி.

பையன் போனில் படம் எடுத்தான். ஆபீஸ் ஆப்பில் ஏற்ற வேண்டுமாம், நம்பரை அதுவே படித்துக்கொள்ளுமாம். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றியது, சுற்றியது, பச்சை டிக் விழுந்தது.

"தாத்தா, இந்த வரிசையில இன்னும் ஆறு இருக்கு" என்றான்.

நாலரை மணி பஸ்ஸை விட்டுவிட்டோம். இருட்டிய பிறகுதான் நாகர்கோவில் வந்து சேர்ந்தோம், சித்தப்பாவின் நகக்கண்ணில் கறுப்புப் பெயிண்ட் இன்னும் இருக்கிறது, சோப்பு போட்டும் போகவில்லை.